கித்தாரில் போஸா நோவா, சாம்பா, கியூப சோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசில், கியூபா இரண்டில் எதை முதலில் எடுத்துக்கொள்வது?

வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிப்பவர் என்றால் பிரேசில். சாம்பாவிலிருந்து பிறந்த மெல்லிய பிரேசில் இசையான போஸா நோவாவில் ஒரே கித்தார் பாஸையும் (தாழ்ந்த சுரங்கள்) தாளத்தையும் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் பாட்டு நிறைவாக நிற்கும். கியூப இசை அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சின்ன வேலை. பாஸ் ஒன்று செய்யும், காங்கா என்ற கைமுரசு வேறொன்று செய்யும், கித்தார் மூன்றாவதாக ஒன்றைச் செய்யும். எல்லாம் கோத்தபிறகுதான் ஆட்டம் வரும். தனியாக வாசித்தால் பாதியில் விட்டதுபோல இருக்கும். கூட வாசிக்க இரண்டு நண்பர்கள் இருந்தால் கியூபாவிலிருந்தே தொடங்கலாம், தப்பில்லை.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். இரண்டிலும் கட்டைவிரலின் வேலை நேரெதிர். பிரேசிலில் கட்டைவிரல் காலோடு சேர்ந்து விழும், கியூபாவில் காலை விட்டு விலகி விழும். ஒன்று கையில் ஊறுவதற்குள் மற்றதைத் தொட்டால் இரண்டும் கெடும்.

‘லத்தீன் ரிதம்’ என்று எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் சொல்லித்தருகிறார்களே?

கீபோர்டில் ‘லத்தீன்’ என்று ஒரு பட்டன் இருப்பதால் வந்த வினை. பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீசியம், கியூபாவில் ஸ்பானிஷ். இரண்டு இசைக்கும் வேர் ஆப்பிரிக்காவில் இருப்பது உண்மை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா, காங்கோ மக்களின் தாளங்கள் இரு நாடுகளிலும் வழிபாட்டின் வழியாகத் தப்பிப் பிழைத்தன. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது கியூபாவில் 1886, பிரேசிலில் 1888. ஆனால் அதன்பிறகு வளர்ந்த விதம் வேறு. பிரேசிலின் வடகிழக்கிலுள்ள பஹியாவிலிருந்து ரியோவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வீடுகளில் நகரத்து சாம்பா உருவானது. கியூபாவின் கிழக்கு மாகாணத்துக் கிராமங்களில் பிறந்த சோன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் இன்னொருவரின் தாளத்தைக் கேட்டு, ‘இதுவும் நம்முடையதுதான்’ என்று சொல்லிவிட மாட்டார்.

எந்தக் கித்தார் வேண்டும்? பிளக் (ஸ்ட்ரிங்கை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கலாமா?

நைலான் ஸ்ட்ரிங் கித்தார். சாதாரண கிளாசிக்கல் கித்தார் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பிளக் வேண்டாம். போஸா நோவாவில் மூன்று விரல்கள் மூன்று ஸ்ட்ரிங்கை ஒரே கணத்தில் இழுக்கும், கட்டைவிரல் தனியாக ஓடும். பிளக்கால் இது நடக்காது. மொந்துனோ என்ற, சுழன்று சுழன்று வரும் கியூப மெட்டுத்துணுக்கைப் பிளக்கில் வாசிக்கலாம், பலர் வாசிக்கிறார்கள். அங்கே ஸ்டீல் ஸ்ட்ரிங்கும் எடுபடும், ஏனென்றால் அது த்ரெஸ் என்ற கருவியின் ஓசைக்குக் கிட்டே வருகிறது.

போஸா நோவாவின் வலது கை அடிப்படை என்ன?

ஏ மைனர் 7 பிடித்துக்கொள்ளுங்கள்: நான்காம் ஸ்ட்ரிங்கில் இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட், மற்றவை திறந்தபடி. கட்டைவிரல் ஐந்தாம் ஸ்ட்ரிங்கில். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முறையே நான்கு, மூன்று, இரண்டாம் ஸ்ட்ரிங்கில். முதல் ஸ்ட்ரிங்கைத் தொட வேண்டாம்.

காலால் நான்கு தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை, ஆக மொத்தம் 16. கட்டைவிரல் ஒவ்வொரு தட்டிலும் விழும்: 1, 5, 9, 13. மூன்று விரல்களும் சேர்ந்து இழுப்பது 1, 4, 7, 11, 14-இல். இதை எண்களாக மனப்பாடம் செய்வது வீண்வேலை. சொற்கட்டில் சொல்லிப் பாருங்கள்:

தகிட தகிட தகதிமி தகிட தகிட

ஒவ்வொரு சொல்லின் ‘த’விலும் விரல்கள். 3+3+4+3+3. வாய் இதைச் சொல்ல, கால் நான்கு தட்ட, கித்தாரைத் தொடாமல் முதலில் இதைப் பழகுங்கள். மெட்ரனோமை (சீராகத் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் போதும். வாயும் காலும் சண்டை போடாமல் ஓடத் தொடங்கியதும், வாயின் வேலையை விரல்களுக்கும் காலின் வேலையைக் கட்டைவிரலுக்கும் மாற்றிவிடுங்கள். ரியோவில் யாரும் இப்படிப் பழகுவதில்லை. நமக்குக் கையருகே இருக்கும் குறுக்குவழி இது, அவ்வளவுதான்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. கார்டை இழுத்ததும் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதும் தாளத்தின் பகுதி. சில இழுப்புகளை இடது கையைச் சற்றுத் தளர்த்தி உடனே அடக்கிவிட வேண்டும். திறந்த ஸ்ட்ரிங்குகளை அப்படி அடக்குவது கடினம். அதனால் கொஞ்ச நாளில் அதே ஏ மைனர் 7-ஐ ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோங்கள்: ஆறு, நான்கு, மூன்று, இரண்டாம் ஸ்ட்ரிங்குகள் எல்லாம் ஐந்தாம் ஃப்ரெட்டில், ஐந்தாம் ஸ்ட்ரிங் ஊமை.

கட்டைவிரல் ரூட் (கார்டின் மூல சுரம்), ஃபிஃப்த் (அதிலிருந்து ஐந்தாவது சுரம்) என்று மாறி மாறி வாசிக்க வேண்டுமா?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. இந்தக் கையைக் கண்டுபிடித்த ஜுவாவ் ஜில்பெர்ட்டோவைக் கேட்டால் அவர் பெரும்பாலும் ஒரே பாஸ் சுரத்தையே சீராக அடித்துக்கொண்டிருப்பார். மாறி மாறி வாசிப்பது தவறல்ல. ஆனால் அப்படி வாசித்தால் எது மேலே எது கீழே என்பதில் கவனம் வேண்டும்.

சாம்பா ஊர்வலத்தில் சுர்து என்ற பெரிய முரசு உண்டு. இரண்டு தட்டுகளில் அதன் கனத்த அடி இரண்டாவதில்தான் விழும், முதலாவது லேசாக இருக்கும். நாம் சினிமாப் பாட்டிலும் ராக்கிலும் கேட்டுப் பழகிய பாஸ் முதல் தட்டில் கனக்கும். அந்தப் பழக்கத்தோடு வாசித்தால் சாம்பா குதிரை வண்டிபோல ஓடும். ஏ மைனர் 7-இல் முதல் தட்டுக்கு ஐந்தாம் ஸ்ட்ரிங்கின் ஏ, இரண்டாம் தட்டுக்கு ஆறாம் ஸ்ட்ரிங்கின் தாழ்ந்த ஈ என்று வைத்தால் கனம் தானாகவே இரண்டாவதில் உட்காரும். மெட்ரனோமையும் இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்க வைத்து, அதுதான் சுர்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும்.

விரல்கள் வாசிப்பது இன்னொரு கருவியை: தம்போரிம். உள்ளங்கையளவு சிறிய பறை, மெல்லிய குச்சியால் ‘தெலெகோ தெகோ’ என்று அடிப்பார்கள். ஆக உங்கள் வலது கையில் கீழே ஒரு முரசு, மேலே ஒரு சிறு பறை. கார்டு என்பது அந்தப் பறைக்குக் கிடைத்த சுருதி. இப்படி நினைத்துவிட்டால் பேட்டர்ன் மறந்துபோனாலும் கை நிற்காது.

க்ளாவே என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

இரண்டு கட்டைகளைத் தட்டும் ஐந்து அடி. கியூப இசையின் முதுகெலும்பு. மற்ற எல்லாக் கருவியும் இதற்குப் பொருந்தி வாசிக்க வேண்டும், பாடகரும்கூட. சோன் க்ளாவேயைச் சொற்கட்டில் சொன்னால்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

3+3+4+2+4. ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் ஒரு தட்டு. ரும்பா என்ற இன்னொரு கியூப இசையின் க்ளாவே கிட்டத்தட்ட இதுவே, மூன்றாம் அடி மட்டும் ஒரு மாத்திரை தள்ளிப்போகும்:

தகிட தகதிமி தகிட தக தகதிமி

ஒரே ஒரு மாத்திரைதான். ஆனால் சோன் நடக்கும், ரும்பா இழுக்கும். இரண்டையும் மேசையில் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

போஸா நோவாவுக்கும் க்ளாவே உண்டு என்கிறார்களே?

மேலே விரல்களுக்குச் சொன்ன 3+3+4+3+3-ஐத்தான் ‘போஸா க்ளாவே’ என்கிறார்கள். சோன் க்ளாவேயின் கடைசி அடி ஒரு மாத்திரை தள்ளினால் அது கிடைத்துவிடும், அதனால் வந்த பெயர். பெயர் ஒட்டிக்கொண்டதில் சேதம் ஒன்றுமில்லை, ஆனால் அதைக் கியூப க்ளாவேபோல நடத்தினால் சேதம் உண்டு. கியூபாவில் க்ளாவே தொடங்கினால் பாட்டு முடியும்வரை மாறாது, திரும்பாது. பிரேசிலில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஜில்பெர்ட்டோ ஒரே பாட்டுக்குள் விரல்களின் இடத்தை மாற்றிக்கொண்டே போவார், பாட்டின் வரிக்கு ஏற்ப. மூன்று நிமிடமும் ஒரே பேட்டர்னைப் பிசகாமல் வாசிப்பது ஓட்டல் வரவேற்பறை போஸா நோவா. மாற்றத் தெரிய ஒரு பேட்டர்ன் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் அதிலிருந்து தொடங்குகிறோம்.

மிருதங்கமோ கொன்னக்கோலோ (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) தெரிந்தால் இது சுலபமா?

பாதி சுலபம். 3+3+2 என்றால் ‘தகிட தகிட தக’ என்று உடனே பிடித்துவிடுவீர்கள். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் சதுஸ்ர நடையில் (தட்டுக்கு நான்கு மாத்திரை) சோன் க்ளாவே சரியாக இரண்டு சுற்று வந்து உட்காரும். போட்டுப் பார்க்க நன்றாக இருக்கும்.

மறுபாதிதான் சிக்கல். கணக்கு வைத்துச் சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) வந்து இறங்குவது நமக்கு ஆனந்தம். கியூப பாஸ் அந்தச் சமத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறது. கோர்வை போட்டு முடிக்கும் கைக்கு அங்கே அரிப்பெடுக்கும். இன்னொன்று, நம் நடையில் நான்கு மாத்திரைகளும் சம இடைவெளி. சாம்பாவில் அப்படி இல்லை. அதை அடுத்து சொல்கிறேன்.

எல்லாம் சரியாக வாசிக்கிறேன், ஆனாலும் விறைப்பாக இருக்கிறது. ஏன்?

சாம்பாவில் ஒரு தட்டின் நான்கு மாத்திரைகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. பொதுவாக நான்காவது சற்று முந்திக்கொண்டு வரும், வந்து சற்று அதிகம் தங்கும். பண்டெய்ரோ என்ற சலங்கை வைத்த பறையைக் கேட்டால் இது தெளிவாகப் புரியும். எழுத்தில் எழுத முடியாது, மெட்ரனோம் சொல்லித்தராது. கணினியில் சம இடைவெளியில் செய்த பேக்கிங் டிராக்கோடு (பின்னணி இசைப் பதிவு) மட்டும் பழகியவர்களின் கையில் இந்த விறைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

வழி ஒன்றுதான். பண்டெய்ரோ தனியாக வாசிக்கும் பதிவு ஒன்றை ஓடவிட்டு, எல்லா ஸ்ட்ரிங்கையும் இடது கையால் அடக்கிக்கொண்டு, வலது கை மட்டும் அதன் கூடவே ஓடட்டும். கார்டு இல்லை, சுருதி இல்லை, சத்தம் மட்டும். தினமும் பத்து நிமிடம். கார்டு மாற்றும் கவலை போனதும் காது வேலை செய்யத் தொடங்கும்.

சிலருக்கு விறைப்பு வேறு காரணத்தால் வருகிறது: மிகவும் பலமாக இழுக்கிறார்கள். போஸா நோவா பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது வாசிப்பதுபோன்ற சத்தத்தில் இருக்க வேண்டும்.

கியூப இசையில் கித்தார் என்ன செய்கிறது?

முதலில் த்ரெஸ் பற்றி. கித்தாரைவிடச் சற்றுச் சிறியது, இரட்டை இரட்டையாக மூன்று ஜோடி ஸ்ட்ரிங், ஜி-சி-ஈ சுருதி. சோன் இசையில் சுழன்று சுழன்று வரும் அந்த மெட்டுத்துணுக்கை வாசிப்பது இதுதான். அதற்கு குவாஹேயோ என்றும் மொந்துனோ என்றும் பெயர். கண் தெரியாத த்ரெஸ் மேதை ஆர்செனியோ ரொத்ரீகெஸ் 1940-களில் தன் குழுவில் பியானோவையும் காங்காவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்தார். இன்று கியூப இசையிலிருந்து வளர்ந்த சால்சாவின் பியானோவில் கேட்பதெல்லாம் த்ரெஸ் வாசித்ததன் வாரிசு. ஆகவே கித்தாரில் மொந்துனோ வாசிப்பது ஒன்றும் இரவல் வேலை இல்லை. கியூபக் கலைஞர் காம்பாய் செகுந்தோ கித்தாருக்கும் த்ரெஸுக்கும் நடுவே ஏழு ஸ்ட்ரிங்கில் தனக்கென ஒரு கருவியையே செய்துகொண்டார். 1996-இல் ஹவானாவில் ‘புவெனா விஸ்தா சோஷியல் கிளப்’ பதிவில் அதை வாசித்தபோது அவருக்கு வயது 88.

இப்போது கைக்கு வருவோம். ஏ மைனர்: மூன்றாம் ஸ்ட்ரிங் இரண்டாம் ஃப்ரெட்டில் ஏ, இரண்டாம் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் சி, முதல் ஸ்ட்ரிங் திறந்து ஈ. கட்டைவிரல் ஏ-யை வாசிக்கட்டும், அடுத்த இரண்டு விரல்கள் சி-ஈ இரண்டையும் சேர்த்து. 16 மாத்திரையில் அடிகள் விழும் இடம்:

1, 3, 4, 6, 8, 10, 12, 14, 16

ஏ, சி-ஈ, ஏ, சி-ஈ என்று மாறி மாறி. ஒன்பது அடி. கால் 1, 5, 9, 13-இல். உற்றுப் பாருங்கள்: காலோடு சேர்ந்து விழுவது முதல் அடி மட்டும்தான். அதன்பின் கால் விழும் இடத்திலெல்லாம் கை அந்தரத்தில் இருக்கும். இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் மட்டும் இரண்டும் மறுபடி சந்திக்கும். முதல்முறை வாசிப்பவர்களில் பலருக்குக் கால் தானாகவே இடம் மாறிக் கையைத் துரத்தும். காலை விடாதீர்கள். கை தப்பினாலும் பரவாயில்லை, கால் தப்பக் கூடாது.

தும்பாவோ என்பதும் இதுதானா?

இல்லை, அது பாஸின் வேலை (காங்கா வாசிப்புக்கும் இதே பெயர் உண்டு). எட்டு மாத்திரையில் ‘தகிட தகிட தக’ சொல்லி, முதல் ‘த’வை விழுங்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் வாசியுங்கள்: 4, 7. அதுதான் தும்பாவோ. கால் விழும் 1-இலும் 5-இலும் பாஸ் இருக்காது. 7-இல் விழுவது பெரும்பாலும் அடுத்து வரப்போகும் கார்டின் சுரம். அதாவது கார்டு மாறுவதைப் பாஸ் முன்கூட்டியே சொல்லிவிடும், நீங்கள் தட்டுவரை காத்திருந்தால் பின்தங்கிப் போவீர்கள். போஸா நோவா வாசித்த கட்டைவிரலுக்கு இது பெரிய அதிர்ச்சி. முதல் பதிலில் இரண்டையும் சேர்த்துத் தொடங்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

2-3, 3-2 என்கிறார்கள். பாட்டைக் கேட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சோன் க்ளாவேயில் மூன்று அடி உள்ள பாதி முதலில் வந்தால் 3-2, இரண்டு அடி உள்ள பாதி முதலில் வந்தால் 2-3. பாட்டோடு கைதட்டிப் பாருங்கள். மெட்டின் எந்தப் பாதி தட்டோடு ஒட்டி நேராக நடக்கிறதோ அது பெரும்பாலும் இரண்டு அடியின் பாதி, எந்தப் பாதி தட்டுகளுக்கு நடுவே தாவுகிறதோ அது மூன்று அடியின் பாதி. மேலே தந்த மொந்துனோ 2-3: அதன் முதல் பாதியில்தான் 1, 3 என்று நேரான அடிகள் இருக்கின்றன. 3-2 பாட்டுக்கு வாசிக்க வேண்டுமென்றால் மொந்துனோவின் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆடுபவர்களுக்குக் கால் இடறும். கியூபக் கலைஞர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாயாவ்ன், சோரோ, பொலேரோ இவையெல்லாம்?

பாயாவ்ன் சீக்கிரம் வரும். பிரேசிலின் வடகிழக்குத் தாளம், 1940-களில் லூயிஸ் கொன்சாகா அக்கார்டியனோடு நாடெங்கும் பரப்பினார். பாஸ் அதே ‘தகிட தகிட தக’, முதல் இரண்டு அடியில் கனம். ஒரு மாலையில் கை பிடித்துவிடும்.

பொலேரோ மெதுவானது, கியூபாவின் சாந்தியாகோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கித்தாரோடு பாடித் திரிந்தவர்களிடமிருந்து வந்தது. தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

சோரோ அப்படியல்ல. அது ரியோவில் 1870-களிலிருந்து வளர்ந்த, விரல்வேகம் கேட்கும் இசை. அதில் ஏழு ஸ்ட்ரிங் கித்தார் பாஸ் வரிகளைப் பின்னிக்கொண்டே போகும், ஏழாவது பெரும்பாலும் தாழ்ந்த சி. அதன் ஆசான் தீனோ 7 கோர்தாஸ். இரண்டு வருடம் சாம்பா வாசித்துவிட்டு வாருங்கள்.

யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

ஜுவாவ் ஜில்பெர்ட்டோ 1973-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ஆல்பம். குரல், கித்தார், மெல்லிய தாளக்கருவி, அவ்வளவுதான். மறைக்க எதுவும் இல்லாததால் ஒவ்வொரு இழுப்பும் காதில் விழும். 1964-இல் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் வெளிவந்ததுதான் உலகப் புகழ் பெற்றது, ஆனால் கை கற்க 1973-தான்.

அடுத்து பேடன் பவல். சாரணர் இயக்கத்தை நிறுவியவரின் பெயரை அப்பா வைத்துவிட்டார், ஆளோ அசல் பிரேசில்காரர். ஜில்பெர்ட்டோ முணுமுணுப்பார் என்றால் இவர் அறைவார். 1966-இல் கவிஞர் வினிசியஸ் ஜி மொராயிஸுடன் செய்த ஆஃப்ரோ-சாம்பா பாடல்களில் பஹியாவின் வழிபாட்டுத் தாளங்கள் கித்தாருக்குள் இறங்கியிருக்கும். கியூபாவுக்கு ஆர்செனியோ, காம்பாய் செகுந்தோ, 1920-களின் செக்ஸ்தெத்தோ ஹபனெரோ. பழைய பதிவுகளின் இரைச்சலுக்குப் பயப்படாதீர்கள், அவற்றில் க்ளாவே தெளிவாகவே கேட்கும்.

வாசிக்க வருகிறது, பாடத் தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் வரும் தொல்லை. பாட்டின் அசை எங்கே விழுகிறதோ அங்கே கையும் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். பாட்டை எடுப்பதற்கு முன்னால் பேச்சு. கையை ஓடவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் இன்று என்ன சமையல் என்று கேளுங்கள், பதில் சொல்லுங்கள். பேச்சுக்குத் தாளம் கிடையாது என்பதால் கை தனியாக ஓடக் கற்றுக்கொள்ளும். பிறகு ஒரே ஒரு வரியை, மெட்டு இல்லாமல், வசனமாகச் சொல்லுங்கள். அதன்பிறகு மெட்டோடு. ஜில்பெர்ட்டோ குரலைச் சில இடங்களில் கித்தாருக்கு முன்னாலும் சில இடங்களில் பின்னாலும் விடுவதை அப்போது கவனித்துக் கேளுங்கள். போர்ச்சுகீசிய உச்சரிப்புக்குத் தயங்கினால் ‘லா லா’ என்றே பாடலாம், இல்லை தெரிந்த தமிழ்ப் பாட்டை அதில் உட்கார வைக்கலாம். ஒரு வரி கை தடுக்காமல் போனபிறகு அடுத்த வரிக்குப் போங்கள்.